தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

நியூ ஜெர்சியில் என் முதல் வாடகை வீட்டுச் சாவியை வாங்கப் போன அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. 2012. வாடகைக்கு எடுத்த வண்டிக்குள் என் மொத்தச் சொத்து: ஒரு மெத்தை, இரண்டு பெட்டி, அம்மா கொடுத்தனுப்பிய குக்கர், ரோட்டோரத்தில் 'இலவசம்' என்று எழுதி வைத்திருந்த ஒரு நாற்காலி. ஐந்து மணிக்குள் வண்டியைத் திருப்பிவிட வேண்டும். மணி நாலேகால். லீசிங் ஆபீஸில் இருந்த பெண் என் காகிதங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல், "ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எங்கே?" என்றாள்.

வீடு உங்களுடையது, இன்ஷூரன்ஸ் மட்டும் நான் எடுப்பதா என்று கேட்டேன். திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து வந்தவன் வேறு எப்படிக் கேட்பான்? அங்கே பல்பு போனாலே ஓனரிடம்தான் போய் நிற்போம். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "கட்டடத்துக்கு எங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அது சுவருக்கும் கூரைக்கும். உள்ளே நீங்கள் கொண்டுவந்து வைக்கிற எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை." இதை அன்றைக்கே ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் இந்தப் பத்தியில் பாதி மிச்சமாகியிருக்கும். என் கவனம் அவள் மேஜையில் கிடந்த சாவியின் மேல்.

வண்டிக்குள் உட்கார்ந்து போனிலேயே பாலிசி வாங்கினேன். எட்டு நிமிடம். உங்கள் பொருள்களின் மொத்த மதிப்பு என்ன என்று கேட்டது. திரும்பி மெத்தையைப் பார்த்தேன். இருப்பதிலேயே குறைந்த தொகை பத்தாயிரம் டாலர், அதையே தட்டினேன். டிடக்டிபிள் எவ்வளவு என்றது. எந்த நஷ்டம் வந்தாலும் முதலில் நம் கையிலிருந்து போகிற பங்கு அது. அதைக் கூட்டினால் பிரீமியம் குறைகிறது என்று தெரிந்ததும் 500 என்று கூட்டினேன். பொருள் போனால் அதன் தேய்ந்த மதிப்பு போதுமா, அதே பொருளைப் புதிதாக வாங்கும் விலை வேண்டுமா என்றது. புதுவிலைக்கு மாதம் இரண்டு டாலர் அதிகம். தேய்ந்ததே போதும் என்றேன், ஏதோ துறவி மாதிரி. லயபிலிட்டி ஒரு லட்சம் டாலர் என்ற வரியில் மட்டும் கை வைக்க முடியவில்லை. லீசிலேயே அது கட்டாயம். என்னால் இன்னொருத்தருக்கு நஷ்டம் வந்தால் கட்டுவதற்கான பணம். நான் யாரை என்ன செய்துவிடப் போகிறேன் என்று எரிச்சலாக இருந்தது. கடைசியில், குடியிருப்பு நிர்வாகத்தின் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொன்னது. என் பணத்தில் அவர்களுக்கும் பங்கா என்று அதற்கும் ஒரு எரிச்சல். நான் பாலிசியை ரத்து செய்தால் அவர்களுக்குத் தகவல் போகும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆக, மாதம் பதினோரு டாலர். ஒரு பிரியாணிக் காசு. சாவி கிடைத்தது.

பாலிசி தபாலில் வந்தபோது பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் 'கவரேஜ் சி' என்று ஆரம்பித்து டி, இ, எஃப் என்று போனது. ஏ, பி இரண்டும் காணோம். பக்கம் விட்டுப்போய்விட்டது என்று கம்பெனிக்கே போன் போட்டு, கொஞ்சம் குரலை உயர்த்தியும் பேசினேன். மறுமுனையில் ஒரு நிமிட மௌனம். பிறகு போனை எடுத்த அம்மாள் சொன்னார்: ஏ என்பது வீட்டுக் கட்டடத்துக்கு, பி என்பது தனியாக நிற்கும் கார் ஷெட் மாதிரியானவற்றுக்கு. இரண்டும் சொந்த வீட்டுக்காரர்களுக்கு. வாடகைக்காரர்களுக்கான பாலிசி, எச்.ஓ.-4 என்பார்கள், சியில்தான் ஆரம்பிக்கும். சி நம் சாமான். டி, வீட்டில் இருக்க முடியாமல் போனால் வெளியே தங்குகிற கூடுதல் செலவு. இ, லயபிலிட்டி. எஃப், நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி விழுந்து அடிபட்டால் சின்னதாக மருத்துவச் செலவு. "நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தேன். இரண்டு பக்கம் கேட்டு, வாடகைக்காரன் என்கிற பட்டம் வாங்கியதுதான் மிச்சம்.

முதல் கிளெய்ம் அடுத்த வருடமே வந்தது. ஒரு தோசைக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் கண்ணாடியை உடைத்து என் லேப்டாப்பையும் ரூம்மேட்டின் கேமராவையும் கொண்டுபோய்விட்டார்கள். ரூம்மேட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் அவன் முதுகில் தட்டி, "விடு மச்சி, என் இன்ஷூரன்ஸ்ல வாங்கிக்கலாம்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருந்தன்மையாக நான் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இல்லை.

கார் கண்ணாடி கார் இன்ஷூரன்ஸில் வரும், காருக்குள் இருந்த சாமான் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸில் வரும், இரண்டுக்கும் தனித்தனி டிடக்டிபிள் என்றார்கள். வீட்டுக்கு வெளியே, உலகத்தில் எங்கே திருட்டுப் போனாலும் சாமானுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது எனக்கே புதுச்செய்தி, மார்பை நிமிர்த்திக்கொண்டேன். லேப்டாப் 1,100 டாலருக்கு வாங்கியது, நான்கு வருடம் ஆகிவிட்டது. தேய்ந்த மதிப்பு 400 டாலர் என்று கணக்குப் போட்டார்கள். டிடக்டிபிள் 500. அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பாக்கி நூறு டாலரை நான் அவர்களுக்குக் கட்ட வேண்டியிருக்குமோ என்று ஒரு கணம் பயந்தே போனேன்.

கேமரா விஷயம் இன்னும் சுருக்கமாக முடிந்தது. பாலிசி என்பது என் பெயருக்கும், என்னோடு வசிக்கும் என் உறவுக்காரர்களுக்கும்தான். ரூம்மேட் உறவா என்று கேட்டார்கள். "அண்ணன் தம்பி மாதிரி" என்றேன். மாதிரி என்பதற்குப் பாலிசியில் இடமில்லை.

கல்யாணம் ஆகி, வேறு குடியிருப்புக்கு மாறியபோது அங்கே புது ஏற்பாடு. தனியாகப் பாலிசி எடுக்க வேண்டாம், வாடகையோடு மாதம் பன்னிரண்டு டாலர் சேர்த்துக் கட்டினால் போதும் என்றார்கள். காகித வேலை மிச்சம் என்று பழைய பாலிசியை ரத்து செய்தேன். பதினோரு மாதம் நிம்மதியாக இருந்தோம். ஒரு நாள் தெரிந்தவர் வீட்டில் திருட்டு. இங்கே இந்தியர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரிந்த விஷயம். அன்று இரவு மனைவி கேட்டாள்.

"என்னங்க, நம்ம இன்ஷூரன்ஸ்ல நகைக்கு எவ்ளோ வரும்?"

"முழுசா வரும்" என்றேன். படித்தவன் மாதிரியே சொன்னேன்.

அவள் மறுநாள் காலையில் அந்தப் பன்னிரண்டு டாலர் காகிதத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டாள். அது இன்ஷூரன்ஸே இல்லை. என்னால் கட்டடத்துக்குச் சேதம் வந்தால் நிர்வாகம் என்னிடம் வசூல் பண்ணாமல் இருப்பதற்கான கட்டணம். அதாவது பதினோரு மாதமாக அவர்கள் சுவரைக் காப்பாற்றுவதற்கு நான் காசு கட்டியிருக்கிறேன். எங்கள் சாமானுக்கு, நகைக்கு, அவளுக்கு, எனக்கு, எதற்கும் ஒன்றும் கிடையாது.

அவசரமாகப் புதுப் பாலிசி எடுத்தோம். அதைப் படித்ததும் அவள்தான். வழக்கமான பாலிசியில் திருட்டுப்போன நகைக்கு மொத்தமே 1,500 டாலர் உச்சவரம்பு. இன்றைய விலைக்கு அந்தக் காசில் இரண்டு சவரன்கூட வாங்க முடியாது. ரொக்கத்துக்கு 200 டாலர்தான். அதற்குமேல் வேண்டுமானால் ஒவ்வொரு நகையையும் மதிப்பீடு செய்து, தனித்தனியாகப் பட்டியலில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் திருட்டு மட்டுமல்ல, எங்கே தொலைந்தது என்றே தெரியாமல் தொலைந்தாலும் பணம் உண்டு. பெரும்பாலும் டிடக்டிபிள்கூடக் கிடையாது. "அடுத்த மாசம் மதிப்பீடு பண்ணிடலாம்" என்றேன். அந்த அடுத்த மாதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பேங்க் லாக்கரில் வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். டெபாசிட்டுக்குத்தான் அரசாங்க உத்தரவாதம், லாக்கருக்குள் இருப்பதற்கு இல்லை என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். பெரிய நகைகள், எங்களைப் பார்க்க வந்திருந்த மாமனாரோடு சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் முடிச்சூருக்குத் திரும்பிப் போயின.

2021 செப்டம்பர் 1. ஐடா புயலின் மிச்சம் எங்கள் பக்கம் வந்த இரவு. அப்போது நாங்கள் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். வாடகை குறைவாக இருந்ததன் காரணத்தை நான் கேட்கவில்லை. எங்கள் பேரம்பேசும் திறமை என்று நினைத்துக்கொண்டேன். (குடிவருபவரிடம் வெள்ள வரலாற்றைச் சொல்லியாக வேண்டும் என்று நியூ ஜெர்சியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில்.) பக்கத்திலிருக்கும் நூவர்க்கில் அந்த ஒரு நாளில் 8.41 அங்குல மழை. போன்கள் ஒன்று மாற்றி ஒன்று அலறின. வாசல் கதவுக்கு அடியில் முதலில் ஒரு கோடு மாதிரிதான் தண்ணீர் வந்தது. நான் துண்டை வைத்து அடைத்தேன். துண்டு நனைந்தது, பிறகு மிதந்தது. முழங்கால் வரை வருவதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்காரர்களிடம் போய்விட்டோம்.

அந்த ராத்திரி மாநிலத்தில் முப்பதை ஒட்டிய உயிர்கள் போயின. எங்களுக்குப் போனது சாமான்தான். அதை மறக்காமல்தான் மீதியைச் சொல்கிறேன்.

காலையில் இறங்கி வந்தபோது சோபா ஊறிப்போய் இருந்தது. சமையலறைத் தரையில் வைத்திருந்த கோயம்புத்தூர் கிரைண்டர், 110 வோல்ட்டுக்கென்றே செய்து வாங்கி வந்தது, மோட்டார் வரை சேற்றுத் தண்ணீர் குடித்திருந்தது. கல்லைத் தூக்கிப் பார்த்தேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி கிரைண்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், குழவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரு தெம்பு. இந்தத் தடவை பாலிசி இருக்கிறது, அதுவும் புதுவிலைப் பாலிசி. தண்ணீர்ச் சேதம் என்ற சொல் அதில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். போன் போட்டேன். எடுத்த மனிதர் அனுதாபமாகப் பேசிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?"

மூன்றாம் வகுப்பிலிருந்து கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். விடுவேனா? ஓடை எப்படிக் கரை தாண்டியது, கார் நிறுத்துமிடம் எப்படி ஏரியானது, வாசலில் தண்ணீர் எப்படி ஆறு மாதிரி புகுந்தது, எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. வர்ணனை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். முடித்ததும் அவர் விளக்கினார்: குழாய் வெடித்து வந்தாலோ மேல்வீட்டிலிருந்து ஒழுகி வந்தாலோ அது தண்ணீர்ச் சேதம். தரையோடு வந்தால் வெள்ளம். வெள்ளத்துக்கு இந்தப் பாலிசியில் இடமில்லை. என் உவமைகளால் ஒன்றும் கெடவில்லை, ஓடை யாருக்கும் தெரிந்த ஓடைதான். ஆனாலும் என் மறுப்புக் கடிதத்தை நானே வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்த மாதிரி ஓர் உணர்வு. வீட்டுக்குத் திரும்ப முடியாமல் நண்பர் வீட்டில் தங்கிய நாட்களுக்கும் டி கவரேஜ் கிடையாது. காரணம் வெள்ளம் என்றால், அதைத் தொடர்ந்து வரும் எதற்கும் கிடையாது.

நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு அன்று இரவுதான் பாலிசியை முதன்முதலாக முழுசாகப் படித்தேன். எவற்றுக்கெல்லாம் சாமான் பாதுகாப்பு உண்டு என்று பதினாறு ஆபத்துகளின் பட்டியல். தீ, மின்னல், சூறைக்காற்று, ஆலங்கட்டி, கலவரம், புகை, திருட்டு. விமானம் வந்து விழுந்தால் உண்டு. கூரையில் பனி கனத்தால் உண்டு. எரிமலை வெடித்தால் உண்டு. நியூ ஜெர்சியில் எரிமலை வெடித்து என் சோபா எரிந்தால் புதுச் சோபா வரும். மழை பெய்து நனைந்தால் வராது. மூட்டைப்பூச்சி, பூஞ்சை, நாள்பட்ட கசிவு இவற்றுக்கும் வராது. பூகம்பமும் தனி. வெள்ளத்துக்கென்று 1968-லிருந்து மத்திய அரசின் தனித்திட்டம் ஒன்று இருக்கிறது. வாடகைக்காரர் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம், ஒரு லட்சம் டாலர் வரை. எடுத்த நாளிலிருந்து முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் செய்தி பார்த்துவிட்டு ஓடிப்போய் வாங்க முடியாது. இதையெல்லாம் புயல் போனபின் படித்தவன் என்கிற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

மாமனார் போன் பண்ணினார். 2015 டிசம்பரில் முடிச்சூரில் மார்பளவு தண்ணீரில் நின்றவர். அவரிடம் வெள்ளம் பற்றி வாய் திறக்க எனக்கு அருகதை இல்லை. நான் நிலவரத்தைச் சொன்னதும், "என்ன மாப்ளே, வெள்ளத்துக்குக் குடுக்காத இன்ஷூரன்ஸா? அமெரிக்காவுலயா?" என்றார். அவருடைய பாலிசியில் வெள்ளமும் உண்டு, பூகம்பமும் உண்டாம். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பாரத் கிருக ரக்ஷா என்ற பொதுவான வீட்டுப் பாலிசி அது; குடித்தனக்காரர் சாமானுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். "ஆனா சும்மா பூட்டை உடைச்சுத் திருடினா இதுல வராது மாப்ளே, அதுக்குத் தனியா எடுக்கணும்" என்று நியாயமாக ஒரு குறையையும் சொன்னார். "சரிங்க மாமா" என்றேன். வேறென்ன சொல்ல? நான் அமெரிக்கா வந்த வருடம் அவரிடம் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு சிஸ்டம் இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

வெள்ளம் பாதித்தவர்களுக்கு மத்தியப் பேரிடர் நிறுவனமான ஃபீமா உதவித்தொகை கொடுத்தது. எங்கள் மாவட்டமும் பட்டியலில் இருந்தது. விண்ணப்பத்தில் முதல் தடை: குடியுரிமையோ, கிரீன் கார்டு மாதிரியான தகுதியோ இருக்க வேண்டும். நானும் மனைவியும் எச்-1பி, எச்-4 விசாவில் இருந்தோம். எங்கள் வீட்டில் அந்தத் தகுதி உள்ள ஒரே ஆள், இங்கே பிறந்த நாலரை வயது மகள். அவள் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் இருந்தது. செய்தோம். இரண்டாவது, இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒன்பது வருடம் பிரீமியம் கட்டியதில் என் பாலிசியிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பயன், அந்த மறுப்புக் கடிதம். பத்திரமாக ஸ்கேன் செய்து அனுப்பினேன். கொஞ்சம் பணம் வந்தது. மகளிடம், "உன் காசுல புதுக் கிரைண்டர் வாங்கப் போறோம்" என்றேன். எனக்கு எதுக்குக் கிரைண்டர் என்று கேட்டாள். விவரமான குடிமகள்.

அடுத்த வீட்டை மனைவி பார்த்தாள். மூன்றாவது மாடி, அமெரிக்கக் கணக்கில் மூன்றாவது, நம் கணக்கில் இரண்டாவது. அங்கே குடிபோன கையோடு நான் செய்த காரியம், வெள்ளப் பாலிசி வாங்கியது. விற்றவர் இரண்டு தடவை கேட்டார்: "எந்த மாடி என்று சொன்னீர்கள்?" ஒரு வருடம் முழுக்கக் கட்டினேன். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வர வேண்டுமானால் கீழே இரண்டு வீடுகள் முழுக வேண்டும். அப்போதும் புகை உணர்கருவிக்குக் கீழே நின்று வடை சுடுகிறவன் வெள்ளத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

சாமான் பட்டியல் ஒன்று போட்டு வைக்கச் சொல்கிறார்கள். எல்லாம் போனபின் என்ன இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது, அதனால் போனில் வீடியோவாவது எடுத்து வையுங்கள் என்பது இங்கே எல்லா இன்ஷூரன்ஸ்காரரும் சொல்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர்ணனையோடு வீட்டைச் சுற்றி வந்தேன். டிவி, லேப்டாப், இரண்டாவது லேப்டாப், சோபா. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. மனைவி போட்டுப் பார்த்தாள். "அலமாரியைத் தொறக்கவே இல்லையே" என்றாள். பட்டுப் புடவைகள், எவர்சில்வர் பாத்திரங்கள், மகளின் வயலின், அவளுடைய தையல் மெஷின், குத்துவிளக்கு ஜோடி, குளிர்கோட்டுகள், மருந்துப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேமரா லென்ஸ். அவள் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டியதில் முப்பத்தோராயிரம் டாலர் வந்தது. பாலிசியில் இருந்தது இன்னும் அதே பத்தாயிரம், மெத்தையைத் திரும்பிப் பார்த்த அன்று போட்டது. கம்பெனி மாறியபோதெல்லாம் பழைய எண்ணையே தட்டியிருக்கிறேன். உயர்த்தினோம். மாதத்துக்கு ஐந்து டாலர்தான் கூடியது. வீடியோவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். லேப்டாப்பில் என்றேன். எந்த லேப்டாப் என்று அவள் கேட்கவில்லை. வீடியோவில் முதலில் வருகிற லேப்டாப்தான்.

இனி உளுந்து.

தோல் உளுந்து போட்டால்தான் இட்லி மணக்கும் என்பது என் கட்சி. வீட்டில் வேறு யாரும் அந்தக் கட்சியில் இல்லாததால் ஊறவைத்துக் கழுவித் தோலெடுக்கிற வேலையும் என்னுடையதே. 2023-இல் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கில் குண்டான், குழாய் திறந்திருக்கிறது, தோல் மிதந்து வழிந்துகொண்டிருக்கிறது. போன் அடித்தது. புதிதாக வேலைக்கு வந்த ஊர்ப்பையன், வீடு எடுக்கிறானாம். "அண்ணா, ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுக்கணுமாண்ணா? எதை எதைப் பார்த்து எடுக்கணும்?" என்றான்.

கதைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மனைவி சாட்சி. என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதன் அவன். படுக்கையறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து விளக்கினேன். தேய்ந்த மதிப்பை எடுக்காதே, நகைக்கு 1,500தான், ரூம்மேட்டை நம்பாதே, தரைத்தளம் என்றால் வெள்ளப் பாலிசி. இருபத்தைந்து நிமிடம். "லயபிலிட்டின்னு ஒண்ணு போட்டிருக்காண்ணா, ஒரு லட்சம் போதுமா, மூணு லட்சம் போடவா?" என்று கேட்டான். "அதை விடு தம்பி. நாம யாரை என்ன பண்ணிடப் போறோம்?" என்றேன்.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம். எங்கள் அறைக் கதவு அல்ல, வாசல் கதவு.

கீழ்வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற இசை ஆசிரியர். தலையில் ஈரம். அந்த ஈரத்தில் ஒரு கறுப்பு உளுந்துத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கோபமாகக்கூட இல்லை. என் தோளுக்குமேல் சமையலறையைப் பார்த்து, "எங்கள் கூரையில் மழை பெய்கிறது" என்றார். சிங்க் வடிகாலைத் தோல் அடைத்து, தண்ணீர் மேடை தாண்டி, தரை தாண்டி, அவருடைய உட்கூரையை ஊறவைத்து, நேராக அவருடைய எலெக்ட்ரிக் கீபோர்டின் மேல் இறங்கியிருந்தது.

கிளெய்ம் போட்டேன். பதிவு செய்யப்படும் வாக்குமூலம் என்றார்கள். அதே கேள்வி: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? இந்தத் தடவை கட்டுரைப் போட்டி நடத்தவில்லை. "என்னிடமிருந்து" என்றேன். எதைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள் என்றார் நஷ்டத்தைக் கணக்கிடும் அட்ஜஸ்டர். கறுப்புப் பருப்பின் தோல் என்றேன். அதை ஏன் கழுவ வேண்டும்? ஊறவைத்ததால். ஏன் ஊறவைக்க வேண்டும்? மறுநாள் காலைக்காக. அந்த இடத்தில் அவர் மேற்கொண்டு போகாமல் விட்டுவிட்டார்.

அந்த வாரம் எனக்குத் தூக்கமில்லை. கட்டடத்தின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் செலவை வாடகைக்காரனிடம் வசூலிக்க வழக்குப் போடலாமா என்று ராத்திரியெல்லாம் படித்தேன். 1975-இல் ஓக்லஹோமாவில் ஒரு வழக்கு. வாடகை வீட்டில் ஒரு பையன் தன் வேதியியல் விளையாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, பாப்கார்ன் பொரிக்கும் மின்பாத்திரத்தில் எதையோ சூடாக்க, திரைச்சீலையில் தீப்பிடித்துவிட்டது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது வீட்டுக்காரரின் தீக்காப்பீட்டில் குடித்தனக்காரரும் உள்ளடக்கம், அதனால் கம்பெனி அவர்மேல் பாய முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. சட்டன் விதி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. சில மாநிலங்கள் ஒப்புக்கொள்கின்றன, சில ஒப்புக்கொள்வதில்லை, சில லீசைப் பார்த்துச் சொல்கின்றன. அதெல்லாம் கட்டடத்துக்கு. கீபோர்டுக்கு எந்த மாநிலத்திலும் நான்தான்.

கடைசியில் என் பாலிசியே பார்த்துக்கொண்டது. எந்த வரியைத் தொட முடியவில்லை என்று 2012-இல் எரிச்சல்பட்டேனோ அந்த வரி. உட்கூரைக்கும், கீபோர்டுக்கும், கார்ப்பெட்டுக்கும் சேர்த்து ஐயாயிரம் டாலருக்குமேல். லயபிலிட்டிக்கு டிடக்டிபிள் கிடையாது என்பதால் என் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை. எங்கள் சமையலறைப் பாயும் மரப்பலகை அலமாரியும் ஊறிப்போனதற்கு மட்டும் கிளெய்ம் வராது. அதற்கு டிடக்டிபிள் உண்டு, நஷ்டம் அதைவிடக் குறைவு. கிளெய்ம் விவரம் ஏழு வருடம் வரை பதிவில் நிற்குமாம். கம்பெனி மாறப் போனாலும் அந்த உளுந்து கூடவே வரும்.

ஊர்ப்பையனுக்கு மறுபடி போன் செய்து, "தம்பி, மூணு லட்சமே போட்டுடு" என்றேன். ஏன் என்று கேட்டான். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

கீழ்வீட்டுக்காரருக்கு முதல் ஈடு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, இதற்காகவா என்று கேட்டார். பிடித்திருந்தது என்பதாக எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை காலையில் எங்கள் கிரைண்டர் சத்தம் கூரை வழியாக அவருக்குக் கேட்கும். கேட்ட ஐந்தாவது நிமிடம் என் போனில் அவரிடமிருந்து ஒற்றை வரி வரும்: "குழாய்?" நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மூடியிருக்கும் குழாயைப் படமெடுத்து அனுப்புகிறேன். போன வாரம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வரி வந்தது: "இடது பக்கக் குழாய் சொட்டுகிறது."